செவலைக்கு விரித்த உமி

பத்து நாள் விடாமல் சாரல் அடித்ததில் எங்கள் கோழிக்கொட்டகைத் தரை சேறாகிவிட்டது. ஏழு கோழிகளில் செவலைக்குத்தான் பெரிய கஷ்டம். ஈரத்திலேயே நின்று பாதம் புண்ணாகி நொண்ட ஆரம்பித்தது. குஞ்சிலிருந்து நான் கையில் வைத்து வளர்த்த கோழி அது. என் வீட்டுக்காரரோ, இனி அது தேறாது, ஞாயிற்றுக்கிழமைக் குழம்புக்குத்தான் ஆகும் என்று சொல்லி மிளகே வாங்கி வந்துவிட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

தரையைக் காயவைத்துக் கொடுங்கள், கோழியை நான் தேற்றிக்கொள்கிறேன் என்றேன். முதலில் வைக்கோல் போட்டோம்; இரண்டே நாளில் பூஞ்சை பிடித்து நாறியது. அடுத்து என்ன போடுவது என்பதற்கு அவரிடம் பதில் தயாராக இருந்தது. திராட்சை போடுகிற மனுஷருக்கு எதற்கும் பதில் தோட்டத்தில்தான் கிடைக்கும். கொடிகளைக் கவாத்து செய்தபோது வெட்டிப்போட்டு, ஷெட்டில் காயவைத்திருந்த இலையை இரண்டு சாக்கில் கட்டிவந்து, மலையையே பெயர்த்து வந்தவர்போல வாசலில் இறக்கினார்.

ஓர் இலையைத் திருப்பிப் பார்த்தேன். மருந்தாக அடித்த மயில்துத்தத்தின் நீலம் அப்படியே படிந்திருந்தது. கோழி இதைக் கொத்தித் தின்னுமே என்றதற்கு, அது கொடியின் நோய்க்கு அடித்த மருந்து, கோழியை ஒன்றும் செய்யாது என்று எனக்குப் பாடம் எடுத்தார்.

எங்கள் கிணற்றோரம் ஒரு திராட்சைக்கொடி உண்டு. வீட்டில் தின்பதற்கென்று அதை மட்டும் தனியாக விட்டுவைத்திருக்கிறோம். அதன் பக்கம் மருந்துக் குழாயைக்கூட அவர் கொண்டுபோக மாட்டார்.

"அப்ப நம்ம திங்கிறதுக்கு மட்டும் எதுக்கு ஒரு கொடிய மருந்தடிக்காம வச்சிருக்கீக?" என்று கேட்டேன்.

மனுஷர் சாக்குகளைத் தூக்கித் திரும்ப வண்டியில் வைத்தார். மதியம் சாப்பிடும்போது மோர்கூடக் கேட்டு வாங்கவில்லை. எனக்குக் கொஞ்சம் பாவமாகத்தான் இருந்தது.

சாயங்காலம் உத்தமபாளையத்து ரைஸ்மில்லிலிருந்து உமி மூட்டைகளோடு வந்தார். சேற்றை வழித்தெடுத்து, மணல் கொட்டி, மேலே நாலு விரல் கனத்துக்கு உமியைப் பரப்பினார். நான் செவலையின் காலைக் கழுவி மஞ்சள் பூசிக்கொண்டிருந்தேன். நிமிர்ந்து பார்த்தால், ஒரு பிடி உமியை முகர்ந்துவிட்டு, அதில் கொஞ்சத்தை வாயில் போட்டு மென்றுகொண்டிருக்கிறார்.

"என்னங்க, என்ன செய்றீக?"

"செவல கொத்தும்ல," என்றார், உமியைத் துப்பிக்கொண்டே.

அந்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் கத்தரிக்காய்க் குழம்பு. அவர் வாங்கி வந்த மிளகை ரசத்தில் தட்டிப் போட்டேன்.