ஆறாவது வாசகி

இல்லாத ஒரு பெண்ணை நான் உண்டாக்கினேன். அவளை நம்பி, இருக்கிற ஒரு பெண் தன் வீட்டைக் காலி செய்துகொண்டு போனார். இரண்டுமே என் கைங்கரியம்தான்.

இதை இதுவரை ஒருவரிடமும் சொன்னதில்லை. உங்களிடம் ஏன் சொல்கிறேன்? நீங்கள் என் முகத்தைப் பார்க்க முடியாது என்ற தைரியம்தான்... வேறென்ன!

இரண்டாயிரத்து ஆறாம் ஆண்டு. வால்டோர்ஃபில் மென்பொருள் வேலை. மதிய இடைவேளைகளில் வலைப்பதிவு எழுதிக்கொண்டிருந்தேன். ஜெர்மனியில் இருந்த தமிழ்ப் பதிவர்கள் நால்வரைச் சேர்த்துக்கொண்டு இணையத்தில் ஒரு புத்தக வட்டம் தொடங்கினேன். தமிழ்ப் புத்தகம் இங்கே எந்தக் கடையிலும் கிடையாது. ஆகவே, ஊரிலிருந்து நான் கொண்டுவந்த ஒற்றைப் பிரதி தபாலில் வீடுவீடாகச் சுற்றும். படித்தவர் ஓரத்தில் பென்சிலால் குறிப்பெழுதி அடுத்தவருக்கு அனுப்புவார். கடைசியில் புத்தகம் என்னிடம் திரும்பியதும், என் பதிவின் பின்னூட்டங்களில் விவாதம் நடக்கும்.

இரண்டு மாதம் அமர்க்களமாகப் போனது. மூன்றாம் மாதம் வந்த பின்னூட்டங்கள் இரண்டு. அதில் ஒன்று நானே எனக்குப் போட்டுக்கொண்டது.

மானம் போயிற்று! பத்து ஊர்ப் பதிவர்கள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள், வட்டம் படுத்துவிட்டது என்று சிரிப்பார்கள்... அன்றுதான் தர்சினியைப் பெற்றெடுத்தேன், பின்னூட்டம் போட ஒரு பொய்க் கணக்காக. ஊர் டிரெஸ்டன், ஏனென்றால் எங்களில் யாரும் அங்கே இல்லை. யாழ்ப்பாணத்துப் பெண், ஏனென்றால் என்னை யாரும் சந்தேகிக்க மாட்டார்கள்.

ஆனால் எனக்கு யாழ்ப்பாணம் என்ன தெரியும்? மதுரையைத் தாண்டினால் எனக்குத் தெரிந்தது வால்டோர்ஃப்தான். திருடினேன்.

யாரிடமிருந்து என்று கேட்கிறீர்களா? எங்கள் வட்டத்திலேயே மூத்தவரான, யாழ்ப்பாணத்துக்காரரான மலர் அக்காவிடமிருந்து. பான் நகரில் முதியோர் இல்லமொன்றில் வேலை செய்தார். போர்க்கால இடப்பெயர்வில் காணாமற்போன தங்கையைப் பற்றி அவர் ஒருமுறை பதிவு எழுதி, மறுநாளே அழித்துவிட்டிருந்தார். நான் அதற்குள் சேமித்து வைத்திருந்தேன்.

அந்தத் தங்கை எந்தக் கதையிலும் கடைசிப் பக்கத்தை முதலில் படிப்பாளாம். முடிவில் யாராவது செத்துப்போனால், அக்கா திடுக்கிடக்கூடாதென்று அந்தப் பக்கத்தின் மூலையை மடித்துவைப்பாளாம்.

அழகாக இருந்ததே! எடுத்துத் தர்சினியின் வாயில் வைத்தேன். யாருடைய பழக்கம் என்று தெரிந்தேதான் வைத்தேன். அதை மறைத்தால் இந்த வாக்குமூலத்துக்கே அர்த்தமில்லை.

பின்னூட்டங்கள் குவிந்தன. மலர் அக்கா மட்டும் ஒன்றும் எழுதவில்லை. மூன்றாம் நாள் தொலைபேசியில் அழைத்தார்.

"தம்பி, அந்தப் பிள்ளை என்ர தங்கச்சி."

பெயர் வேறாயிற்றே என்றேன்.

"பேரில என்ன இருக்கு? எத்தினை பேர் வேற ஆக்களின்ர பாஸ்போட்டில வந்தவை. நானே அப்பிடித்தான் வந்தனான். அவளை இந்தச் சுற்றில சேருங்கோ. புத்தகம் என்ர கையால அவளுக்குப் போகவேணும்."

அந்த நிமிடம் சொல்லியிருக்கலாம்... ஒரே வாக்கியம்! அக்கா, அது நான்தான் என்று. ஏன் சொல்லவில்லை? அவர் குரலில் அவ்வளவு மகிழ்ச்சியை நான் அதுவரை கேட்டதில்லை. அதுதான் காரணம் என்று பல வருடம் என்னை ஏமாற்றிக்கொண்டேன். உண்மை அதுவல்ல. வட்டத்தில் என் பெயர் நாறிப்போகும் என்று பயந்தேன்.

தர்சினியின் பெயரில் அக்காவுக்கு ஒரு மின்னஞ்சல் எழுதினேன். வீட்டு முகவரி தர வசதியில்லை, டிரெஸ்டன் தபால் நிலையத்துக்கே அனுப்புங்கள், நான் போய் எடுத்துக்கொள்கிறேன், படித்ததும் வால்டோர்ஃபுக்கு அனுப்பிவிடுகிறேன் என்று. என் கணக்கு எளிது. யாரும் எடுக்கப்போவதில்லை. சில நாளில் பார்சல் பானுக்கே திரும்பும். அக்கா தானாகவே புரிந்துகொள்வார். நான் எதையும் சொல்லவேண்டியிராது.

பார்சல் பானுக்குத் திரும்பவில்லை.

இரண்டு வாரம் கழித்து என் தபால்பெட்டியில் அது கிடந்தது. டிரெஸ்டன் முத்திரை. அனுப்பியவர் பெயர் இல்லை.

படியிலேயே உட்கார்ந்து பிரித்தேன். ஓரங்களில் எனக்குப் பழகிய பென்சில் கையெழுத்துகள் நான்கு. ஐந்தாவதாக ஒன்று, சின்னதாக, இடப்பக்கம் சாய்ந்து... அக்காவுடையதல்ல. அதை நன்றாக அறிவேன். மற்ற மூவரிடமும் விசாரித்தேன். டிரெஸ்டன் பக்கமே போனதில்லை என்றார்கள். என் கையெழுத்தோடும் ஒப்பிட்டுப் பார்த்தேன் என்றால் சிரிப்பீர்கள். பார்த்தேன்! தபால் நிலையத்தில் அடையாள அட்டை காட்டாமல் பார்சல் தரமாட்டார்கள். தர்சினி என்ற பெயரில் யாரிடம் அட்டை இருந்தது?

கடைசிப் பக்கத்தின் மூலை மடிக்கப்பட்டிருந்தது.

அந்த நாவலின் முடிவில் யாரும் சாவதில்லை. ஒரு கல்யாணத்தில் முடிகிற கதை அது.

மடிப்பை விரித்தேன். அடியில் அதே சாய்ந்த எழுத்தில் ஒரு வரி: 'அக்காவுக்குச் சொல்லாதேங்கோ.'

எதைச் சொல்லக்கூடாது? என் பொய்யையா? அல்லது... அந்த மூலை எதற்காக மடிக்கப்பட்டது என்பதையா?

மறுநாள் அக்கா அழைத்தார். புத்தகம் வந்ததா என்று கேட்டார். வந்தது என்றேன்.

"கடைசிப் பக்கம் மடிச்சிருக்கோ தம்பி?"

இங்கேதான் என் பெரிய குற்றம். முதல் பொய்யைச் சொன்னவன் விளையாட்டுப் பிள்ளை என்று நீங்கள் மன்னித்தாலும் மன்னிப்பீர்கள். இதைச் சொன்னவனை என்ன செய்வீர்கள்?

"இல்லக்கா. மடிக்கலை."

நீண்ட மூச்சுச் சத்தம் கேட்டது.

"அப்ப ஒருத்தரும் சாகேல்லை," என்றார். பிறகு சாவகாசமாகச் சொன்னார், "நான் டிரெஸ்டனுக்குப் போகப்போறன். அங்கையும் ஒரு முதியோர் இல்லத்தில வேலைக்குக் கேட்டிருக்கிறன். ஒரே ஊரில இருந்தால் எங்கையாவது காணாமல் விடுவனே?"

நல்லது அக்கா என்றேன்.

போய்விட்டார். பதினெட்டு வருடம் இருந்த வீட்டை விட்டு. தர்சினியின் கணக்கை நான் அழித்தேன். வட்டத்தையும் மூடினேன், வேலை அதிகம் என்று ஒரு பதிவு போட்டு. அக்கா கோபிக்கவில்லை. இப்போதும் எப்போதாவது அழைப்பார். வேலையில்லாத நாட்களில் தபால் நிலைய வாசலில் நிற்பாராம். அவள் ஒருநாள் புத்தகம் எடுக்க வந்த இடம்தானே என்பார். நான் ம் கொட்டுவேன்.

சொல்லாதேங்கோ என்று எழுதியிருந்ததே, அதனால்தான் சொல்லவில்லை என்று சில சமயம் எனக்கு நானே நியாயம் கற்பித்துக்கொள்வேன். எவ்வளவு வசதியான நியாயம்! யார் எழுதினார்களென்றே தெரியாத ஒரு வரிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டிருக்கிறேன்.

புத்தகம் என் அலமாரியில்தான் இருக்கிறது. அந்த மூலையை விரலால் நீவி நேராக்கி, மேலே கனமான அகராதிகளை அடுக்கி வைக்கிறேன். மாதங்கள் கழித்து எடுத்துப் பார்த்தால் மடிந்திருக்கிறது. பழைய மடிப்பு அப்படித்தான் என்பீர்கள். இருக்கலாம்... நானும் அதைத்தான் சொல்லிக்கொண்டு, மறுபடி நேராக்கி வைக்கிறேன்.