ஹெலிகாப்டர் தொங்கவிட்ட வளையம்

மட்டாஞ்சேரி அரிசிக் கிடங்குக்கு எதிரே உள்ள டீக்கடையில் சாயா குடிக்கிறேன். கடைக்காரர் செல்வராஜ் தர்மபுரிப் பக்கத்துக்காரர். "சாருக்கு என்ன ஜோலி?" என்கிறார். பூமிக்கடியில் கனிமம் தேடும் வேலை என்றதும் ஆற்றிக்கொண்டிருந்த கை நிற்கிறது.

"எங்க ஊருக்கு மேல ஹெலிகாப்டர் ஒரு பெரிய வளையத்தைத் தொங்கவிட்டுப் பறந்துச்சு. சுரங்கம் வரும்னு பயந்து நிலத்தை வித்துட்டேன். அந்த வளையம் என்ன பண்ணும் சார்?"

"அதுல மின்சாரத்தை விட்டுவிட்டுப் பாய்ச்சுவோம். அடியில உலோகத் தாது இருந்தா அதுலயும் லேசா மின்சாரம் தூண்டப்படும். அதை மேலேயே அளப்போம். ஈரக் களிமண்ணும் அப்படித்தான் காட்டும். துளை போட்டாத்தான் நிச்சயம்."

"போட்டாங்க. களிமண்ணுதான். திரும்பிப் போயிட்டாங்க."

"நிலம்?"

"வாங்கினவரு மஞ்சள் போட்டிருக்காரு." கிளாஸைக் கழுவியபடி மெதுவாகச் சொல்கிறார்: "கீழ இறங்கி யாராவது இதைச் சொல்லியிருந்தா, அங்கேயே இருந்திருப்பேன் சார்."