போட்டிக்காரிகளோடு போனவள்

மலேசியாவில் எங்கள் சுங்கை சிப்புட் டவுனில் அப்போது வீட்டிலிருந்தே தோசை மாவு அரைத்து விற்றவர்கள் இரண்டு பேர்தான். ஒருத்தி நான், பியாட்ரிஸ். இன்னொருத்தி தினேஸ்வரி. கையுறைத் தொழிற்சாலையில் ஆள் குறைத்தபோது வேலை போய், வீட்டு அடுப்படியில் தொழில் தொடங்கியவள். பாசார் சந்தையில் எதிரெதிரே பார்த்தால் தலையசைப்போம், அவ்வளவுதான்.

தீபாவளி நெருங்கிய நேரத்தில் என் கிரைண்டர் புகைந்து நின்றுவிட்டது. வாளி வாளியாக அரிசி ஊறிக் கிடந்தது. யார் சொன்னார்களோ, அவளுடைய வேன் என் வாசலில் வந்து நின்றது.

"அக்கா, அரிசிய ஏத்துங்க. என் வீட்டுல அரைச்சிக்கலாம்."

அரைத்தாள். பாக்கெட்டில் ஒட்ட என் லேபிளைத்தான் கேட்டு வாங்கினாள்.

"ஒங்க கஸ்டமர் ஒங்ககிட்டயேதான் இருக்கணும்லா," என்றாள்.

நானும் அவளோடு உட்கார்ந்து லேபிள் ஒட்டினேன்.

அதன்பின் சனிக்கிழமைகளில் எங்கள் சர்ச் மண்டபத்தில் கூடத் தொடங்கினோம். முறுக்கு சுடும் குமுதா வந்தாள். ஊறுகாய் போடும் நவமணி வந்தாள். பழைய ரப்பர் தோட்டங்களிலிருந்து டவுனுக்குக் குடிவந்த பெண்கள் ஒவ்வொருவராகச் சேர்ந்தார்கள். தினேஸ்வரி சொல்லிக் கொடுத்து மாவு தொடங்கியவர்களே நாலைந்து பேர்! உளுந்தை மொத்தமாக வாங்கினோம். ஒருத்தியால் முடியாத ஆர்டரை எல்லோரும் பிரித்துச் செய்தோம்.

சிறு தொழில்களில் முதலீடு செய்யும் ஒரு நிறுவனம் பக்கத்து நகரமான ஈப்போவில், ஒரு ஹோட்டலில், பணம் போடத் தகுந்தவர்களைத் தேர்ந்தெடுக்க நேர்காணல் நடத்தியது. தினேஸ்வரி பேசப் போனாள். நாங்கள் துணைக்குப் போய்ப் பின்வரிசையில் உட்கார்ந்தோம். அவள் பேசி முடித்ததும் நடுவர்களில் ஒருவரான சுகுமாரன் கேட்டார்:

"ஒங்க தொழில் முறைய வேற யாராவது காப்பியடிச்சா என்னம்மா செய்வீங்க?"

"காப்பியடிக்கத் தேவையில்ல சார். நானே சொல்லிக் குடுத்திட்டேன். அந்தா, பின்னால இருக்காங்க."

நான் எழுந்தேன். குமுதா எழுந்தாள். வரிசை முழுதும் எழுந்து நின்றது. சுகுமாரன் எங்களைப் பார்த்துவிட்டு அவள் பக்கம் திரும்பினார்.

"அப்ப நாங்க யாரை நம்பிப் பணம் போடறது?"

"எல்லாரும் பங்குதாரரா ஒரு கம்பெனி பதியிறோம். அதுல போடுங்க. எனக்கு மட்டும்னா வேணாம் சார்."

பள்ளிக்கூடம் போகும் இரண்டு பிள்ளைகள், லோரி ஓட்டும் கணவன், வாடகை வீடு. அவள் நிலைமை எங்களுக்குத் தெரியும். திரும்பும் வழியில் குமுதாதான் வாய்விட்டுக் கேட்டாள்.

"ஒனக்கு மட்டும்னு குடுத்தாலும் வாங்கியிருக்கலாம்ல, தினேஸ்?"

"நான் மட்டும் பெரிசாயி யாரோட பேசறது அக்கா?" என்று சிரித்தாள்.

பல வாரங்கள் பதிலே இல்லை. பிறகு ஒரு சனிக்கிழமை சுகுமாரன் தாமே மண்டபத்துக்கு வந்து, பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து மதியம்வரை எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். முதலீடு கிடைத்தது, அவள் கேட்டபடியே.

இன்று பஸ் நிலையத்துக்குப் பின்னால் எங்கள் பொதுச் சமையற்கூடம் இருக்கிறது. குளிர் அறை இருக்கிறது. ஈப்போ கடைகளுக்குத் தினமும் எங்கள் வேன் போகிறது. தினேஸ்வரிக்கும் எங்களுக்கும் ஒரே அளவு பங்கு.

போன மாதம் பத்து காஜா என்ற ஊரிலிருந்து சில பெண்கள் இதையெல்லாம் பார்க்க வந்தார்கள். உளுந்து தரும் மொத்த வியாபாரியின் நம்பர்வரை தினேஸ்வரி எடுத்துக் கொடுத்தாள். ஒருத்தி தயங்கித் தயங்கிக் கேட்டாள்:

"நாங்களும் ஈப்போவுக்குத்தான் மாவு போடப் போறோம் அக்கா. பரவாயில்லயா?"

"அப்படின்னா இன்னிக்கே எங்க வேன்ல ஏறுங்க. கடைக்காரங்கள நானே காட்டுறேன்," என்றாள் தினேஸ்வரி.