ஸுயெனின் சைக்கிள்

தான்ஹோவா சந்தையில் மீன்சாறு விற்ற ஸுயென் கடைசிவரை சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொள்ளவில்லை. தியன் பியன் பூ மலைப் பள்ளத்தாக்கில் நம் விடுதலைப் படை பிரெஞ்சுப் படையை வளைத்திருந்த வருஷம், அங்கே நம் வீரர்களுக்கு அரிசி கொண்டுபோக சைக்கிளோடு வந்து நின்றவளைப் பார்த்து ஆண்கள் சிரித்தார்கள்.

"ஓட்டத் தெரியாதவளுக்கு எதுக்குக்கா சைக்கிள்?"

"இருநூறு கிலோ மூட்டையை ஏத்திட்டு நீ மட்டும் ஓட்டிக் கிழிச்சிருவியாக்கும்? தள்ளுடா பேசாம!"

கைப்பிடியில் மூங்கில் கழியைக் கட்டிக்கொண்டு மலை மலையாகத் தள்ளினாள். டியூப் தேய்ந்தபோது, தன் கால்சட்டையை முழங்கால்வரை கிழித்து அதன்மேல் சுற்றினாள். சிரித்தவனின் மூட்டை ஓடையில் விழுந்து நனைந்தது. அவளுடையதில் ஒரு மணி அரிசி நனையவில்லை.

சண்டை தொடங்கி ஐம்பத்தாறாம் நாள் பிரெஞ்சு முகாம் விழுந்தது. கைதியாக நடந்துவந்த பிரெஞ்சு அதிகாரி ஒருவன், இந்த மலைக்குள் உங்கள் லாரிகள் எந்த வழியாக வந்தன என்று மொழிபெயர்ப்பாளர் மூலம் கேட்டான்.

ஸுயென் சைக்கிள் மணியை இரண்டு முறை அடித்தாள்.

"லாரி இந்தா நிக்குதே!"

குனிந்து, சட்டத்தில் அப்பியிருந்த சேற்றை வழித்தாள். கீழே பிரெஞ்சுக் கம்பெனியின் பெயர் பளபளத்தது.

"உங்க ஊர்ல செஞ்சதுதான், துரை. நல்லா உழைக்குது!"