குளிரை வெளியே அடைத்தவர்

பாலகிருஷ்ணன் ஊதுபத்தி கொளுத்துவது சாமிக்கு அல்ல. புகையும் பத்தியை விரலிடுக்கில் பிடித்து, ஜன்னல் சட்டத்தின் ஓரமாகச் சாண் சாணாக நகர்த்துகிறார். புகை நேராக எழுந்தால் அடுத்த சாண். நடுங்கினால் நின்று, காதில் செருகிய பென்சிலை எடுத்து ஒரு புள்ளி வைக்கிறார். பிறகு ரப்பர் பட்டையை அளந்து வெட்டி, பெருவிரலால் அழுத்தி ஒட்டுகிறார். "இங்கனதான் ஒளிஞ்சிருக்கான்" என்கிறார். ஒளிந்திருப்பவன் காற்று. மெல்பர்ன் குளிர்காலத்தைத் திருடனைப் போல ஒருமையில்தான் பேசுவார்.

வயது அறுபத்து மூன்று. தூத்துக்குடியில் இறால் ஏற்றுமதி செய்யும் கம்பெனிகளின் குளிர் அறைகளுக்குக் கதவும் ரப்பரும் பொருத்துவது முப்பத்தொரு ஆண்டுத் தொழில். "அங்க குளிர உள்ள போட்டு அடைச்சேன். இங்க வெளிய நிறுத்தி அடைக்கேன். வேல ஒண்ணுதானக்கா, பக்கந்தான் மாறிட்டு" என்பார், இரண்டு வீடு தள்ளி இருக்கும் என்னிடம்.

பழைய தொழில் உடம்பை விட்டுப் போகவில்லை. குளிர் அறைக்குள் நுழையும்போது கோட்டை மாட்டி, வெளியே வரும்போது கழற்றிப் பழகியவர். முதல் ஆண்டு முழுவதும் இங்கே வீட்டுக்குள் கோட்டுடன் இருந்துவிட்டு, வாசலைத் தாண்டியதும் கை தானாகப் போய் ஜிப்பை இறக்கிவிடும். மைனஸ் பதினெட்டில் வேலை செய்தவரை இந்த ஆறு டிகிரி என்ன செய்யும் என்று ஒருநாள் கேட்டேன்.

"அங்க கதவத் தொறந்தா தூத்துக்குடி இருந்துச்சு. இங்க கதவத் தொறந்தா இன்னுங் குளிருல்லா இருக்கு!"

சொன்னது சரிதான். கனடாவில் இருப்பவர்கள் எங்களைப் பார்த்துச் சிரிப்பார்கள். பனிகூடக் கொட்டாத ஊரில் என்ன குளிர் என்பார்கள். அவர்களுடைய வீடுகள் குளிருக்கென்று கட்டியவை. நாங்கள் இருக்கும் கிளென் வேவர்லிப் பகுதியின் பழைய செங்கல் வீடுகள் சல்லடை. வெளியே ஆறு என்றால் உள்ளே ஒன்பது.

அவர் இப்படி மூர்க்கமாக அடைத்ததற்குக் காரணம் மனைவி ஜெயக்கனி. மகள் யாமினி இரண்டு தெரு தள்ளி இருக்கிறாள். அவள் அழைத்துத்தான் இருவரும் வந்தார்கள். முதல் குளிர்காலம் ஜெயக்கனி போர்வையை விட்டு வெளியே வரவில்லை. இரண்டாவது தொடங்கும்போது ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டார்: "ஆடி முடியறதுக்குள்ள எனக்கு ஒத்துக்கிடலன்னா நான் ஊருக்குப் போயிருவேன். நீங்க பேரப்பிள்ளைகளோட இருங்க." முப்பத்தெட்டு ஆண்டுகளில் இருவரும் பத்து நாள் சேர்ந்தாற்போல் பிரிந்திருந்ததில்லை. பாலகிருஷ்ணன் மறுநாளே ரப்பர் வாங்கப் போனார்.

வீடு முழுவதும் முடியாது, சமையல் மேடையும் சேர்ந்த முன் அறை ஒன்றையாவது தூத்துக்குடி ஆக்குகிறேன் என்று இறங்கினார். மூன்று வாரம். ஜன்னல்கள், கதவின் அடி, தரைப்பலகை இடுக்கு எதையும் விடவில்லை. சுவரின் உச்சியில் சல்லடைக் கண்ணாக இரண்டு காற்றுத் துளைகள் இருந்தன. "கட்டும்போது எவனோ மறந்துட்டுப் போன ஓட்ட" என்று அவற்றுக்கும் பஞ்சு திணித்துத் தகடு ஒட்டினார். பழைய கேஸ் ஹீட்டரைப் போட்டால் ஒரு மணி நேரத்தில் இருபத்து நான்கு டிகிரி. ஜெயக்கனி சால்வையைக் கழற்றினார். "தூத்துக்குடி வந்துட்டு" என்றார்.

அடுத்த வாரம் ஜெயக்கனிக்குத் தலைவலி தொடங்கியது. கூடவே குமட்டல். தமிழ் வீடுகளில் இதற்கு ஒரே பெயர்தான். "கேஸுக்கா" என்றார் பாலகிருஷ்ணன். ஓமத் தண்ணீர் கொடுத்தார்கள், மோரில் பெருங்காயம் கரைத்தார்கள். உருளைக்கிழங்கை நிறுத்தினார்கள், பிறகு கடலையை, பிறகு பருப்பையே. மகள் வீட்டுக்குப் போனால் தலைவலி இல்லை. அங்கே சாப்பாட்டில் எண்ணெய் கம்மி என்று அதற்கும் விளக்கம் வைத்திருந்தார்கள். ஆனால் ஜெயக்கனி முடிவுக்கு வந்துவிட்டார்: சூடான அறையிலும் சுகமில்லை என்றால் இந்த ஊரே ஒத்துக்கொள்ளவில்லை. யாமினியிடம் டிக்கெட் பார்க்கச் சொல்லிவிட்டார்.

வியாழக்கிழமை மாலை ஐந்து மணிக்கு என் ஃபிரிட்ஜ் கதவைப் பார்க்க அவரைக் கூப்பிடப் போனேன். அடுப்பில் மீன் பொரிந்துகொண்டிருந்தது. புகையை இழுக்கும் விசிறி மேலே இரைந்தது. ஜெயக்கனி சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு நின்றார். பாலகிருஷ்ணன் ஹீட்டர் பக்கத்தில் உட்கார்ந்து நெற்றியைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன தம்பி?"

"கேஸுக்கா. அவளுக்கும் கேஸு, எனக்கும் கேஸு."

முதியோர் இல்லத்தில் இருபத்திரண்டு ஆண்டு பராமரிப்பு வேலை பார்த்தவள் நான். ஓர் அறையில் இரண்டு பேருக்கு ஒரே நேரத்தில் தலைவலி என்றால், ஆட்களை அல்ல, முதலில் அறையைப் பார்க்க வேண்டும். அண்ணாந்து பார்த்தேன். காற்றுத் துளைகளை மூடிய தகடு மினுங்கியது.

"தம்பி, வயித்துக் காஸ் ஒராளிட்ட இருந்து மற்றாளுக்குத் தொத்துற வருத்தமில்லை. எழும்புங்கோ, வெளியில போவம்."

ஹீட்டரை அணைத்தேன், அடுப்பை அணைத்தேன், கதவை அகலத் திறந்தேன்.

"அக்கா, தொறக்காதீய! மூணு வாரத்து வேல!"

"நான் திறந்தாச்சு. நடவுங்கோ."

வாசற்படியில் போர்வை சுற்றி இருவரையும் உட்காரவைத்து ஆம்புலன்ஸை அழைத்தேன். அதில் வந்த பெண் இருவர் விரலிலும் ஒரு கருவியை மாட்டினாள், இன்னொரு கருவியை அறைக்குள் நீட்டினாள், திரும்பி வந்து "கேஸ்" என்றாள்.

பாலகிருஷ்ணன் என்னைப் பார்த்தார். "நாஞ் சொன்னேம்லா?"

மருத்துவமனையில் இரண்டு மணி நேரம் ஆக்சிஜன் வைத்தார்கள். விளக்கம் எளிது. அடைத்த அறையில் ஹீட்டர் எரியக் காற்று போதவில்லை. அடுப்புக்கு மேலே ஓடிய விசிறி இருந்த காற்றையும் இழுக்க, குழாய் வழியே மேலே போக வேண்டிய கார்பன் மோனாக்சைடு அறைக்குள் திரும்பியிருக்கிறது. அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. மறந்துபோன ஓட்டை என்று அவர் நினைத்தவை வீட்டின் மூக்குத் துவாரங்கள்.

நான் தமிழில் சொல்லச் சொல்ல அவர் தலை குனிந்து கேட்டார். "ஒரு கதவு தப்பா அடைச்சதில்ல நான்" என்று ஒருமுறை சொன்னார். ஜெயக்கனிக்கு வேறு சந்தேகம். "அப்ப குளிரு இல்லியாக்கா? எனக்கு ஒத்துக்கிடாம போனது குளிரு இல்லியா?"

"தலைவலிக்குக் காரணம் குளிர் இல்லை" என்றேன்.

மறுநாள் காலை எட்டு மணிக்குப் போனேன். ஹீட்டர் அணைந்து கிடந்தது, பழுது பார்ப்பவர் வரும்வரை அதைத் தொடக் கூடாது. அறையில் பத்து டிகிரி இருக்கும். இரண்டு துளைகளிலும் பஞ்சு இல்லை. பசையைக்கூடப் பாலகிருஷ்ணன் பிளேடால் சுரண்டியிருந்தார். ஜெயக்கனி போனில் மகளிடம், "டிக்கெட்டு இப்பப் பாக்காண்டாம். இந்தக் குளிரையும் ஒருவாட்டி பாத்துட்டுச் சொல்லுதேன்" என்றார். குளிர்காற்று அவர் தலைக்கு நேராக இறங்கிக்கொண்டிருந்தது. பாலகிருஷ்ணன் அவரை எழச் சொல்லாமலே நாற்காலியோடு சேர்த்து எதிர்ச்சுவர் ஓரம் வரை இழுத்துக்கொண்டுபோய் விட்டார். தன் நாற்காலியைத் துளைக்குக் கீழே போட்டு, கோட்டின் கழுத்துப் பட்டியைத் தூக்கிவிட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.