சும்மா செட்

ஸ்டோர் கதவைத் தூக்கியதுமே மாதவிக்கு அந்த வாடை அடித்தது. ஈரத்தோடு மடித்துவைத்த கேன்வாஸ் வாடை. அப்பா இருந்திருந்தால் இதற்கே யாராவது திட்டு வாங்கியிருப்பார்கள்.

அப்பா சுகுமாறன் கிள்ளானில் கூடாரம் வாடகைக்கு விட்டவர். கொரோனா உச்சத்தில் இருந்தபோது ஆஸ்பத்திரியின் கார் நிறுத்துமிடத்தில் அவருடைய கூடாரங்கள் நின்றன. உள்ளே இடமில்லாத நோயாளிகள் அவற்றின் கீழே காத்திருந்தார்கள். மழை பிடித்தது. பக்கத் திரையை இறக்கினால் காற்று நின்றுபோகும், இருமல் அங்கேயே சுற்றும். ஏற்றினால் ஆட்கள் நனைவார்கள். மழை விடும்வரை ஏற்றுவதும் இறக்குவதுமாக ஓடினார்.

நோய் அடங்கியதும் நாலு வெள்ளைக் கூடாரம் புதிதாகத் தைக்கக் கொடுத்தார். உயரமான கூரை, சாரல் உள்ளே வராமல் நீண்ட ஓரம், பக்கங்கள் திறந்தே இருக்கும். கூடாரங்களுக்கு நடுவே மழைநீர் ஓடத் துணி வாய்க்கால். எந்தக் கல்யாணத்துக்கும் அவற்றைத் தரவில்லை. “அடுத்தது வர்றப்ப கூடாரம் தேடி ஓடக்கூடாது” என்பார். சும்மா உட்காரத் தெரியாத மனுஷன். அடிக்கடி பிரித்துப் போட்டு, கயிற்றை இழுத்துப் பார்த்து, மறுபடி மடித்துவைப்பார். வேலையாட்கள் அதற்குச் சும்மா செட் என்று பெயர் வைத்தார்கள்.

போன மாதம் மாரடைப்பு. கல்யாண சீசன், மற்ற கூடாரமெல்லாம் வெளியே போயிருந்தது. அவர் வீட்டு வாசலில் போட சும்மா செட்தான் மிச்சம். அன்றும் மழை. தகனம் முடிந்து வந்த யாருக்கும் அதைக் காயவைக்கத் தோன்றவில்லை.

மாதவி செராஸில் கட்டுமானப் பொறியாளர். மூட்டையை அவிழ்த்துத் தையலை விரலால் அழுத்திப் பார்த்தாள். கறுப்புப் புள்ளிகள் பரவியிருந்தன. துணி இற்றுப்போகவில்லை. இன்னும் விட்டால் போய்விடும்.

“நான்தான்மா பார்த்திருக்கணும்,” என்றார் வாலண்டைன். அப்பாவிடம் பல வருஷம் வேலை பார்த்தவர்.

“பிரஷ் எங்கண்ணே?”

பாதி தேய்க்கும்போது ராதாகிருஷ்ணன் வந்து இறங்கினார். பிரிக்ஃபீல்ட்ஸில் கல்யாண அலங்காரம் செய்பவர். ஸ்டோரை மொத்தமாக வாங்க வந்திருந்தார். மாதவியும் விற்றுவிடத்தான் நினைத்திருந்தாள். அவர் நாற்காலிகளைப் பார்க்கவில்லை, நேரே வெள்ளைத் துணியைத் தொட்டார்.

“இதுதாம்மா வேணும். ரிசெப்ஷனுக்கு சூப்பரா இருக்கும்லா.”

“இது மட்டும் இல்ல அங்கிள். மத்ததெல்லாம் எடுத்துக்குங்க.”

“இது இல்லாம மத்தத வெச்சு நான் என்ன பண்றது? வராத நோய்க்கு யாராச்சும் கூடாரம் வெச்சிருப்பாங்களா?”

“எங்கப்பா வெச்சிருந்தார்.”

“பாவம், நல்ல மனுஷன். கொஞ்சம் கிறுக்கு.”

வாலண்டைன் பிரஷ்ஷை வாளியில் போட்டார். மாதவி நிமிர்ந்தாள்.

“சரி, உங்களுக்கே தரேன். ஒருநாள் கிளினிக்லருந்து அவசரமா கேட்டா கொடுப்பீங்களா?”

அவர் யோசித்தார். பொய் சொல்லத் தெரியாதவர். “கல்யாணத்துக்குப் போட்டிருந்தா எப்படிம்மா கழட்டுறது?”

“அப்ப வேணாம் அங்கிள்.”

“ஸ்டோர யாரு பார்ப்பா? நீயா? வேலைய விட்டுட்டா?”

அவர் காரில் ஏறியபிறகும் அந்தக் கேள்வி போகவில்லை. தேய்த்தாள், எழுந்தாள், மேகத்தைப் பார்த்தாள், மறுபடி தேய்த்தாள்.

“மழை வருது. மடிச்சிடலாமா?” என்றார் வாலண்டைன்.

“மடிச்சா இதே கதைதான். நனைஞ்சாலும் போட்டே காயவைப்போம். அடியில காத்து போகும்.”

ஸ்டோர் முன்னால் சாலையோரம் கம்பங்களை நிறுத்தினார்கள். முதல் கூடாரம் எழுந்ததும் மோட்டார் சைக்கிளில் போன ஒரு பெரியவர் நிறுத்தி, ஹெல்மெட்டைக் கழற்றினார். சாலையோரம் வெள்ளைக் கூடாரம், சாவு வீடு என்று நினைத்துவிட்டார்.

“யாரும்மா?”

“அப்பா,” என்றாள் மாதவி. சொன்னபிறகுதான் அவர் கேட்டது புரிந்தது. “போன மாசம். இது அதுக்கில்ல அங்கிள்.”

“அப்புறம் எதுக்கு?”

தூறல் விழ ஆரம்பித்தது. கயிறு அவள் கையில் இருந்தது.

“சும்மாதான் அங்கிள், அவ போட்டுப் பார்க்குறா,” என்றார் வாலண்டைன். “மாதவி, அந்தப் பக்கம் இழு. இன்னும் மூணு இருக்கு.”