இல்லாத மோட்டார் சைக்கிள்

அஸம்மூர் நகரப் பதிவு அலுவலகத்துக்கு எதிரே குடை விரித்து மேசை போட்டு, எழுதத் தெரியாதவர்களுக்கு இருபத்தேழு வருடமாக மனு எழுதி வருகிறவர் ஜிலாலி. ஏழைகளுக்கு அரசே சந்தா கட்டும் மருத்துவக் காப்பீடு வந்த பிறகு அவர் மேசையில் கூட்டம் தாங்கவில்லை. வண்டி, இணையம், கைப்பேசி ரீசார்ஜ் என்று வீட்டிலுள்ள ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் ஏறும், வரம்பைத் தாண்டினால் காப்பீடு போச்சு என்று ஊருக்கே விளக்கியவர் அவர்தான். உள்ளதைச் சொல்லுங்கள், பவுசு காட்டாதீர்கள் என்று காசு வாங்காமல் உபதேசமும் செய்தார்.

அந்த உபதேசியின் வீட்டுக் காப்பீடுதான் போன வாரம் ரத்தானது. அவர் மனைவி தாமூவுக்குப் பித்தப்பையில் கல். அரசு மருத்துவமனையில் அடுத்த மாதம் பத்தாம் தேதி அறுவைச் சிகிச்சை. பெயர் பதியப் போனால் கணினி தகுதியில்லை என்று கைவிரித்துவிட்டது. வலிக்குப் பயந்து தாமூ ஆலிவ் எண்ணெயைத் தொட்டே மூன்று மாதமாகிறது. வலி வந்தால் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பாள்.

காரணம் ஜிலாலிக்கு மட்டும் தெரியும். வசந்தத்தில் குடும்ப விவரத்தைப் புதுப்பிக்கப் போனபோது, வரிசையில் பின்னால் நின்றவன் தாமூவின் அண்ணன் கப்பூர். தங்கையைப் பரதேசிக்குக் கொடுத்துவிட்டோம் என்று கல்யாணத்தன்றே புலம்பியவன். அவன் காதில் விழட்டும் என்று ஜிலாலி மோட்டார் சைக்கிள் உண்டு, வீட்டில் இணையம் உண்டு என்று அளந்துவிட்டார். ஃப்ரிட்ஜ் இரண்டா என்று கேட்டிருந்தால் அதற்கும் தலையாட்டியிருப்பார். ஊரார் படிவத்தில் புள்ளி பிசகாதவர், தன் படிவத்தில் கதை எழுதிவிட்டார். பெரிய எழுத்தராம், கழுதை கூட இதைவிட ஒழுங்காகப் பூர்த்தி செய்திருக்கும் என்று கண்ணாடி முன் நின்று தன்னையே திட்டிக்கொண்டார். மீசை மட்டும் அப்போதும் முறுக்கிக்கொண்டுதான் நின்றது.

கடைசியில் தாமூவிடம் சொன்னார். அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது அவருக்கு. ஜெல்லாபா அங்கியை மாட்டிக்கொண்டு விடுவிடுவென்று அலுவலகத்துக்கு நடந்தாள், ஜிலாலி பின்னாலேயே ஓடினார்.

அங்கே கப்பூரும் நின்றிருந்தான், அவனுக்கும் காப்பீடு ரத்தான கடிதத்தோடு. ஜிலாலி மோட்டார் சைக்கிள் உண்டு என்றதைக் கேட்டுவிட்டு, அன்றைக்கு அவன் தனக்குக் கார் இருக்கிறதென்று சொல்லி வைத்திருந்தானாம்.

தாமூ இருவரையும் ஒதுக்கிவிட்டு, அலுவலகப் பெண் உட்கார்ந்திருந்த ஜன்னலருகே போனாள்.

"மகளே, இந்த ரெண்டு சுல்தான்களும் சொன்னதை அடிச்சிடு. எங்க வீட்டைப் பத்தி நான் சொல்றேன். மோட்டார் சைக்கிள் இல்ல. இன்டர்நெட் இல்ல. ரூம் வந்து..."

அதற்கு மேல் வலி விடவில்லை. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு குனிந்துவிட்டாள். ஜிலாலி பதறிப்போய்த் தாங்கிக்கொண்டார். வரிசையில் பாதிப் பேர் அவரிடம் மனு எழுதியவர்கள், எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வெட்கம் பிடுங்கித் தின்றது. இருந்தாலும் கடைசி ஆள் வரைக்கும் கேட்கிற குரலில் சொன்னார்:

"ரூம் ரெண்டு. மழை பெஞ்சா ஒண்ணுதான். அந்த ஒண்ணும் ஒழுகும். எழுதிக்கோம்மா. பத்தாம் தேதிக்கு முன்னாடி எனக்கு இந்தக் காப்பீடு வேணும்."